கண் ஊற்று

ஊற்றே,
முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.
இந்த வசந்தத்திலும் மோதிரத்தைக் கத்தியால் சுரண்டி
மூன்று துகள் வெள்ளி உனக்குப் போட்டேன்.
பிரிந்துபோனவன் போட்ட மோதிரம்.
பதினோரு வருடம் உனக்கு ஊட்டி ஊட்டி
நூலாய் இளைத்துவிட்டது.
என்றாவது அவன் திருப்பிக் கேட்டால்
உன்னிடம்தான் அனுப்ப வேண்டும்.

எஸ்தோனியாவின் தெற்கு மூலையில்
லிண்டன் மரங்களுக்கு நடுவே
நீ ஒரு கண்.
உன்னில் கழுவினால் பார்வை தெளியும் என்பார்கள்.
கழுவினேன்.
மூக்குக்கண்ணாடி இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.

தோப்புக்குள் கிளை ஒடிக்கமாட்டோம்.
கோபத்தோடு வருகிறவர்
வேலிக்கு வெளியே கொஞ்சம் நின்று
ஆறிவிட்டு வரவேண்டும்.
அந்த வேலி எனக்குப் பிடித்திருந்தது.
இந்தப் பக்கம் நீ, பாசி, மரங்கொத்தி.
அந்தப் பக்கம் உலகம்;
அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

பிறகு அந்த மார்ச்.
பனி உருகிய மறுநாள்
குனிந்து அள்ளினேன்.
உள்ளங்கையில் பன்றிக்கொட்டில் நாறியது.

வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்:
நாலு கிலோமீட்டர்.
கால்மெரின் பண்ணை,
அவன் வயலில் பீய்ச்சும் சாணக்குழம்பு,
மழை, மணற்பாறை,
அப்புறம் நீ.
நீ தோப்புக்குள் பிறந்தவள் இல்லை.
எங்கெங்கோ இருட்டில் நடந்து
இங்கே வந்து கண் திறக்கிறாய், அவ்வளவுதான்.
இத்தனை வருடம்
நான் மண்டியிட்டது அவன் வயலுக்கும் சேர்த்துத்தான்,
அவன் டிராக்டர் தடத்துக்கும்.

போனேன்.
"மரத்தைக் கும்பிடுகிறவள் நீதானே?
மரம் என்ன சொல்கிறது?"
மரம் ஒன்றும் சொல்லவில்லை,
ஆய்வகம் சொல்கிறது என்று தாளை நீட்டினேன்.
அவன் வாங்கவில்லை.
அவன் நாய் முகர்ந்து பார்த்தது.

ஏப்ரலில் தேரைகள் சாலை கடக்கும்.
ஐந்து டிகிரி, தூறல்,
மினுங்கும் மஞ்சள் அங்கி, கையில் வாளி.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மெய்னார்ட்,
ரஷ்ய மொழி மட்டும் பேசும் லாரி ஓட்டுநர் ஃபைனா,
நான்.
தேரையைப் படைத்தது யார் என்று
அந்த நேரத்தில் ஒருவரும் கேட்பதில்லை.
எண்ணிக்கைதான் கேட்போம்.
அன்றிரவு நானூற்றுப் பன்னிரண்டு.
நசுங்கியது அறுபது.
ஃபைனா ஒவ்வொன்றையும் சாலையோரம் எடுத்துவைத்து
சிலுவை போட்டுக்கொண்டாள்.

தூக்கமில்லாமல் மறுநாள்
நகராட்சியில் விசாரணை.
"எந்த அமைப்பின் சார்பில் வந்திருக்கிறீர்கள்?"
தாளை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
குளிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு,
நானூற்றுப் பதின்மூன்று.

அது கீச்சிட்டது.
நுணலும் தன் வாயால் கெடும்.
அன்று கெட்டது நான்:
அறை முழுக்கச் சிரிப்பு,
தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்தார்.
நைட்ரேட் அளவை யாரும் கேட்கவில்லை.
முடிவை இலையுதிர்காலத்துக்குத் தள்ளினார்கள்.

கால்மெர் சிரிக்கவில்லை.
மேசையிலிருந்த தண்ணீரைத் தன் தொப்பியில் ஊற்றி
என்னிடம் நீட்டினான்.
"இதில் வை. காய்ந்தால் செத்துவிடும்."
அவ்வளவுதான் பேசினான்.
நான் பத்திக் கணக்கில் தயாரித்துப்போயிருந்தேன்.

இப்போதும் சில நாள் நீ நாறுகிறாய்.
கோபம் வருகிறது.
ஆற எங்கே போய் நிற்பது?
நீ நடந்துவரும் வழியெல்லாம் தோப்பு என்றால்
வேலிக்கு வெளியே
எந்த இடம் மிச்சம்?

தொப்பி என்னிடம்தான் இருக்கிறது.
துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.
திருப்பிக் கொடுக்கப் போகும்போது
ஒரு குப்பியில் உன்னையும் எடுத்துப்போவேன்.
குடிக்கச் சொல்லமாட்டேன்.
மூடியைத் திறந்து
நாய்க்குப் பக்கத்தில் வைப்பேன்.