மயிரிழை தெற்கே

விஸ் தீவில், மீன் கிடங்கின் மாடியில்
தீன்கா வரைகிறாள்:
நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய
ஒரு முற்பகல்.
கப்பல் ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு.
பீரங்கிப் புகையைப்
பஞ்சில் தொட்டு ஒற்றுகிறாள்.

மூலப்படத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை.
அதுவும் வேண்டுமாம்
கிராட்ஸ் நகரத்துப் பல் மருத்துவருக்கு.
தோற்றவர் பக்கம்
இன்னும் நாலு கப்பல் சேர்த்தால்
வெற்றி எடுப்பாக இருக்குமாம்.

கறைக்குத் தேயிலைச் சாயம். சரி.
கப்பலுக்கு மாட்டேன் என்று எழுதிவிட்டாள்.

மூழ்கிய இடத்தில் சிலுவை போடக்
கை ஓங்கியபோது
கீழே யேர்க்கோவின் வசவு:
வலை கிழிந்துவிட்டது,
பாறைக்குத் தெற்கே, எப்போதும் போல
அந்தப் பாழாய்ப்போன இரும்பில்.

"எவ்வளவு தெற்கே?"
ஜன்னல் வழியே கேட்டாள்.

சிலுவை
மூலத்தைவிட ஒரு மயிரிழை
நகர்ந்து விழுந்தது.
மருத்துவருக்குச் சொல்லவில்லை.