அரசர்காலச் சந்தை

ஒரே மோட்டார் சைக்கிளில் நாலு பேர்
ஒட்டுசுட்டான் பள்ளிக்கூட மைதானத்துக்கு.
வாசலில் ரெஜிபோம் கோட்டை,
காற்றுக்கு ஒரு கொத்தளம் சாய்ந்தபடி.

பத்தாம் வகுப்புக் காவலன்
பொன்தாள் ஒட்டிய ஈட்டியைக் குறுக்கே பிடித்து
"யார் நீர்? எங்கிருந்து வருகிறீர்?" என்றான்,
மனப்பாடக் குரலில்.

இவருடைய கை
சட்டைப்பைக்குப் போய்விட்டது.
அடையாள அட்டையை எடுத்து
நீட்டியும் விட்டார்.

சனம் சிரித்தது. துவாரகியும் சிரித்தாள்.
காவலன்தான் முழித்தான்.
அவன் வசனத்தில் அட்டை இல்லை.
வாங்கி, தலைகீழாய்ப் பார்த்து,
"அரசர் அனுமதித்தார்" என்று
இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

உள்ளே
நூறு ரூபாய்க்குப் பத்துக் களிமண் காசு.
பாலைப்பழம் மூன்று, மாட்டுவண்டிச் சவாரி ஐந்து.
மரவாளுக்குச் சின்னவன் அழ
மிச்சம் போதவில்லை;
கணக்கப்பிள்ளை வேஷத்தில் வர்த்தக சேர்
ஓலையில் கடன் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது
முத்தையன்கட்டுச் சந்தி தாண்டி
ஹெல்மெட்டுக்குள் இவர் குலுங்கத் தொடங்கினார்.
வண்டி ஆடியது.
சிரிப்புத்தானா என்று
முதுகில் காது வைத்தேன்.

முன்னால், பெற்றோல் டாங்கியில்,
சின்னவன் வாளை நீட்டி
எதிரே வந்த பஸ்ஸை எல்லாம்
மறித்துக்கொண்டிருந்தான்:
யார் நீர்?