மிச்சத்தின் எடை

நகராட்சியிலிருந்து படிவம் வந்தது, நான்கு பக்கம்.
உங்கள் பணியை நீங்களே மதிப்பிடுங்கள்,
ஒன்று முதல் ஐந்து வரை.
ஐந்து போட்டேன். கூசியது.
நான்காக்கினேன்.
அது ஐந்தைவிடப் பெரிய பொய்யாகத் தெரிந்தது,
அடக்கம் வேறு சேர்ந்துகொண்டதால்.

எஸ்தோனியாவின் தென்கோடியில், வோருவில்,
பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருடம்.
தினம் முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டு.
ஹெல்வேயின் சாப்பாட்டைப் பற்றி
ஒரு புகார்கூட வந்ததில்லை என்பார் தலைமையாசிரியை.
ஏழு வயதுக்குப் புகார் எழுதத் தெரியாது
என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மிச்சம் எடுக்க வரும் லாரிக்காரர் ரைவோ
வாளியைத் தூக்கும்போது ஒருநாள் முனகினார்:
"செவ்வாய்க்கிழமை என் முதுகுக்கு ஆகாது."
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே,
என்னுடையதை அவர் முதுகு சொன்னது.

செவ்வாய் என்றால் ஈரல் குழம்பு.
கைப்பக்குவம் என்று நான்
நிமிர்ந்து நிற்பதே அதை வைத்துத்தான்.

மீன் நிறுக்கும் தராசைத் தொட்டிப் பக்கம் நகர்த்தினேன்.
திங்கள், பட்டாணி சூப்: ஒன்பது கிலோ.
செவ்வாய்: முப்பத்தொன்று.
தராசைத் தட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று.
புதன், மக்ரோனி: நான்கு.
அதில் என் பங்கு தண்ணீர் கொதிக்கவைத்தது.

மறுவாரம் ஈரலை இரவு முழுக்கப் பாலில் ஊறவைத்தேன்.
இருபத்தெட்டு.
அதற்கடுத்த வாரம் வெங்காயத்தைக்
கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நறுக்கினேன்.
இருபத்தொன்பது.
அவித்த உருளைக்கிழங்குகளின் முன்னிலையில்
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
மெர்லே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகொரு செவ்வாய்
பரிமாறும் ஜன்னலை அவளிடம் விட்டுவிட்டு
ஏப்ரனைக் கழற்றாமலே கூடத்துக்குப் போனேன்.
ஒன்றாம் வகுப்பின் குட்டை பெஞ்சில்
முழங்கால் தாடையில் இடிக்க
ஒரு தட்டோடு உட்கார்ந்தேன்.
முதல் வாயிலேயே நாக்கு வெந்தது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது என் கட்சி.
கொதிக்கக் கொதிக்க அனுப்பினால்தான்
மரியாதை என்று இருந்தவள்.
எதிரே ஒரு பையன், ஓட்டோமார்,
ஊதினான். ஊதினான். ஒரு வாய் வைத்தான்.
மறுபடி ஊதுவதற்குள் மணி அடித்துவிட்டது.
வரிசையில் பெரியவர்கள் முன்னால்,
சின்னவர்கள் கடைசி.
உட்கார்ந்தபின் அவர்களுக்கு ஒன்பது நிமிடம்.
அதிலும் இரண்டு
பனிக்காலணி மாட்டப் போய்விடும்.
வெந்த நாக்கோடு எழுந்து
என் தட்டையும் நீல வாளியில் கவிழ்த்தேன்.

இப்போதெல்லாம் சின்னவர்களின் தட்டு
அவர்கள் வருமுன்பே மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது.
மணியைப் பற்றித் தலைமையாசிரியையிடம் பேசினேன்.
"அது உங்கள் வேலை இல்லையே, ஹெல்வே" என்றார்.
படிவத்திலும் அதற்கொரு கட்டம் இல்லை.
உங்கள் பலங்கள் மூன்று குறிப்பிடுக என்று இருக்கிறது.
தராசு என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.

பதினேழு. பதினான்கு.
பிறகு பதினான்கிலேயே நின்றுவிட்டது.
ஓட்டோமாருக்கு ஈரல் பிடிக்காது, அவ்வளவுதான்.
ஆறினாலும் பிடிக்காது.
பாலில் ஊறினாலும் பிடிக்காது.
உதட்டை மடித்துக்கொண்டு
என்னைப் பார்த்துக் கையசைக்கிறான்.

நேற்று வாளியைக் கழுவி
ஈரம் சொட்டச் சொட்டத் தராசின்மேல் கவிழ்த்தேன்,
காய இடம் வேண்டுமே என்று.
முள் நகர்ந்தது. இரண்டு கிலோ.
இத்தனை வாரமும்
வாளியையும் சேர்த்து
என் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

உட்கார்ந்து எல்லா எண்ணிலும் இரண்டைக் கழித்தேன்.
முப்பத்தொன்று இருபத்தொன்பதாயிற்று,
அப்போதும் அது அதிகம்தான்.
மக்ரோனி இரண்டாகிவிட்டது.
அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

படிவம் மாவு டப்பாவின் அடியில் இருக்கிறது,
நான்கை அடித்த இடம் அடித்தபடியே.
வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.
நாளை செவ்வாய்.
ஈரல் பாலில் கிடக்கிறது.