உறுதியின் இரண்டாம் பக்கம்

செத்தவர் விட்ட காணிக்கு வரி வரப்போகுதாம்.
நொத்தாரிசு சொல்லவில்லை,
தேத்தண்ணி கொண்டுவந்த பெடியன் சொன்னான்.
சொல்லிவிட்டு, சீனி போடவோ என்று கேட்டான்.

கைபேசிக்குள் அண்ணன் கொதித்தான்.
ஸ்காபரோவில் இன்னும் விடியவில்லை.
போர்வைக்குள்ளிருந்து ஒரு முகம்:
"உழைச்சதுக்கு ஒருக்கா கட்டினவர் அப்பா,
செத்ததுக்கும் கட்டுறதோ?
உப்புத்தண்ணியிலை நிண்டு வாங்கின நிலம்.
ஒரு சதமும் குடுக்கேலாது, சொல்லிப்போடு."

யாரிடம் சொல்லிப்போட?
சன்னலுக்கு வெளியே ஒரு கலைமான்
எவரோ எறிந்த சோற்றுப்பார்சல் தாளை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.
திருகோணமலை மானுக்குப் புள்ளி மட்டும்தான்,
வரி கிடையாது.

அப்பா விட்டவற்றை எண்ணிப் பார்த்தேன்.
திருக்கடலூர் வீடு, சீதனமாய் முன்னமே எனக்கு.
நிலாவெளியில் கடலோரம் எண்பது பேர்ச்சஸ்,
அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி.
சீனி வருத்தம், பிரிக்காமல் இருவருக்கும் முழுசாய்.
கோபம் வந்தால் பேசாமல்
சாப்பாட்டுத் தட்டை மெல்ல, மிக மெல்ல
தள்ளிவைக்கிற பழக்கம்.
அது என் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது,
எந்தக் கந்தோரிலும் பதியாமல்.
இதில் பாதியை அரசாங்கம் எடுக்குமென்றால்
முதல் ஆளாய் வரிசையில் நிற்பேன்.

நொத்தாரிசு பரமநாயகம் உறுதியை வாசித்தார்.
அவர் குரலில் எல்லாக் காணியும் ஒரே காணி.
வடக்கு எல்லை, ஒழுங்கை.
கிழக்கு எல்லை, கடல்.
(ஒரு மார்கழிக் காலை கடல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.)
தெற்கு, மரியாம்பிள்ளையின் வாடி.
மேற்கு, வீதி.
இதனுள் அடங்கிய கிணறு ஒன்று, தென்னை பதினேழு.

பிறகு இரண்டாம் பக்கம்.
விற்றவர், வீரபத்திரன் மனைவி தெய்வானைப்பிள்ளை.
கிரயம், ரூபா ஆறாயிரம்.
வருடம் எண்பத்தைந்து.
மாதம், எல்லாரும் ஓடிய மாதம்.

அதே வருடம் வாங்கிய யமகா எஞ்சின் பதினெட்டாயிரம்.
அந்த விலையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்.
காணியின் விலையை ஒருநாளும் சொன்னதில்லை.

பெயருக்குக் கீழே கைநாட்டு.
மை மங்கித் தேயிலைச் சாயமாகிவிட்டது,
வரிகள் அழியவில்லை.
வட்டத்துக்குள் வட்டம், நடுவில் சின்ன வெட்டு.
மீன் கீறிய கத்தி பட்டிருக்கலாம்.
அவசரத்தில் விரல் அசைந்திருக்கலாம்.
வள்ளக்காரன் தலைக்கு ஆயிரம் கேட்டிருந்தால்
ஆறு தலை.
இது என் கணக்கு. உண்மை எனக்குத் தெரியாது.

அப்பா கெட்டவர் இல்லை.
அந்த ஆறாயிரமும் அம்மாவின் சங்கிலியை ஈடுவைத்த காசு.
அவர் வாங்காவிட்டால் வேறொருவன்
நாலாயிரத்துக்கு முடித்திருப்பான்.
இப்படி நான் வாதாடிக்கொண்டிருந்தேன்,
எவரும் குற்றம் சாட்டாத ஓர் அறையில்.

ஹொட்டேல்காரன் சொன்ன தொகையை
அண்ணன் பூச்சியம் பூச்சியமாய் வாசித்தான்.
சண்டை ஓய்ந்தது, வீதி வந்தது, வெள்ளைக்காரர் வந்தார்கள்.
அந்தப் பூச்சியங்கள் விளைந்தபோது
நாங்கள் நித்திரை.
"கேக்குதே?" என்றான்.
"கேக்குது அண்ணா."

"இந்த மனிசிக்குப் பிள்ளையள் இருக்குமோ?"
நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது உறுதியிலை வராது தங்கச்சி.
கையெழுத்துப் போதாது,
இடது பெருவிரலும் வையுங்கோ."
வைத்தேன்.
என்னுடையதும் வட்டத்துக்குள் வட்டம்.

இரவு, சவர்க்காரம் போட்டும் போகாத விரலோடு
சோறு பரிமாறினேன்.
"எங்களுக்கு எவ்வளவு வரும் அம்மா?"
ஆறாயிரம் என்றேன்.

மகள் தட்டை மெல்ல,
மிக மெல்லத் தள்ளிவைத்தாள்.