உலர் குமிழ், ஈரக் குமிழ்

யூலை ஒன்பது. காலை எட்டரை.
வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே வழமைபோல் வெப்பமானிகள், ஒரு பல்லி.
உலர் குமிழ் 31.8
ஈரக் குமிழ் 25.2
மழை இல்லை.
பல்லி உண்டு, அதற்குக் கட்டம் இல்லை.

பத்து.
கச்சான் பிடித்துவிட்டது.
கொறிக்கிற கச்சானுக்கும் அடிக்கிற கச்சானுக்கும்
ஒரே பேர் வைத்த சனம் நாங்கள்.
ஒன்று வறுபடும், மற்றது வறுக்கும்.
கிண்ணிகள் நான்கும் கிறுகிறுத்துச் சுழல
காற்றுமானியின் தண்டு இரவெல்லாம் முனகியது.

பதினொன்று.
ஈரக் குமிழின் துணி காய்ந்து கிடந்தது.
நேற்றுத்தானே தண்ணீர் விட்டேன்.
கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது, உவர் படியும்,
வடித்த நீர்தான் விடவேண்டும் என்பது சட்டம்.
அது வவுனியாவிலிருந்து வரும்,
பேருந்தில், நடத்துநரின் காலடியில்,
மூடி இறுக்கிய கலனில்.
உவரை நாங்கள் குடிக்கிறோம்.

பன்னிரண்டு: 36.4
பதின்மூன்று: 36.9
பதினான்கு: 36.9
நந்திக்கடல் விளிம்பு வெள்ளையாய் வெடித்திருக்கிறது.
கரைவலைக்காரர் விடியமுன் இழுத்து முடித்துவிட்டார்கள்.
பகலில் மணலில் கால்வைக்க நாய்க்கும் மனமில்லை.

கச்சேரிக்குப் போகும் வழியில், கொட்டிலில்
படங்களோடு இருக்கிற பெண்கள் கேட்டார்கள்:
“இண்டைக்கு எவ்வளவு பிள்ளை?”
“முப்பத்தேழு கிட்ட.”
“வெயிலிலையோ?”
“இல்லை அக்கா, நிழலிலை. நிழலைத்தான் அளக்கிறது.”
செபமணி அக்கா தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தா.
“அப்ப எங்கடையும் கணக்கிலை வருகுது” என்றா.

பதினாறு.
கண்ணாடி உருண்டைக்குக் கீழிருந்த அட்டையை எடுத்தேன்.
காலை ஆறரைக்குப் பற்றிய கரிக்கோடு
மாலை ஐந்தே முக்கால்வரை ஓடியிருக்கிறது,
பதினொன்றே முக்காலில் மட்டும் மயிரளவு இடைவெளி.
முகிலோ, பருந்தோ,
உருண்டையைத் துடைக்கக் குனிந்த நானோ.

பதினேழு.
ஒட்டுசுட்டானிலிருந்து தவராசசிங்கம் அண்ணை வந்தார்,
மோட்டார்சைக்கிள் இருக்கை சுடுகிறதென்று
சாக்கை நனைத்துப் போட்டபடி.
“தங்கச்சி, மே இருபதிலை ஆறு மில்லிமீற்றர் எண்டு எழுதியிருக்கிறியள்.
அதாலை நிவாரணத்துக்கு எங்கடை பேர் இல்லையாம்.”
“அது இந்த வாளியிலை விழுந்தது, அண்ணை.”
“என்ரை வயலிலை ஒரு துளி விழேல்லை.”
“தெரியும்.”
“அப்ப அதை எழுதன்.”
அழிக்கமுடியாத நீல மையைப் பார்த்துக்கொண்டு
இருவரும் கொஞ்சநேரம் இருந்தோம்.
இரண்டு பேணி தண்ணீர் குடித்தார்.
உவராயிருக்கு என்றார். போனார்.

பதினெட்டு.
எட்டு நாற்பதுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு.
இரேஷா. முகம் தெரியாது, குரல் ஆறு வருடப் பழக்கம்.
என்னிடம் படித்த தமிழில் ஒவ்வொன்றாய்க் கேட்பாள்.
“மழை?”
“இல்லை.”
அவள் பக்கத்தில் ஏதோ இரைந்தது.
“என்ன சத்தம்?”
“மழைதான். ராத்திரி முழுக்க.”
வைக்கவில்லை நான். அவளும் வைக்கவில்லை.

ஒரே காற்றுத்தான்.
அங்கே கரையேறி, இருந்ததெல்லாம் கொட்டிவிட்டு,
மலையிலும் மிச்சத்தை இறக்கிவைத்து,
வெறுங்கையோடு காடு கடந்து
என் பெட்டிக் கதவைத் தட்டுகிறது.
தெரிந்த விசயம்தான். பயிற்சியில் படமே கீறியிருக்கிறேன்.
காதால் கேட்டது இன்றைக்குத்தான்.

மாலை ஐந்தரை.
துணி மறுபடி காய்ந்திருந்தது.
சத்தமில்லாமல் குனிந்து பார்த்தேன்:
குமிழைக் கட்டிப்பிடித்தபடி
பல்லி துணியை நக்கிக்கொண்டிருந்தது.
எத்தனை நாளாய் இது?
எத்தனை நாள் ஈரப்பதன் இதன் வயிற்றுக்குள்?

சோடாப்போத்தல் மூடி ஒன்றில்
வவுனியாத் தண்ணீர் விட்டு
பெட்டியின் மூலையில் வைத்தேன்.
உலர் குமிழ் 33.1
ஈரக் குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு.
குறிப்பு: துணி மாற்றப்பட்டது.