கீழ்ப்பாதி

மூன்று வாட்.
குளிர்பெட்டியைத் திறந்தால் எரியும் பல்புக்கே
இதைவிட அதிகம் வேண்டும்.
சரடோவில் பிறந்த இரண்டு வால்வுகள்.
க்டினியா துறைமுகச் சந்தையில்
ஒரு ஜோடிப் பனிச்சறுக்குக் காலணி கொடுத்து
மாற்றி வாங்கினேன்.
சூடேற நாலு நிமிஷம்,
அதற்குள் தேநீர் இறக்கிவிடலாம்.

குரல் என்றால் உயிரை விடும்.
பாடகி உதட்டை ஈரப்படுத்திக்கொள்வதுகூடக் கேட்கும்.
டபுள் பேஸ் வந்தால் மட்டும்
மாடிப்படியில் பியானோ தூக்குகிறவன்போல
மூச்சு வாங்கி முகம் சிவந்து
பாடுகிறவளையும் சேர்த்துக் கீழே போடும்.

சரி, பாரத்தைப் பிரித்தேன்.
ப்ரீ-ஆம்ப்பிலிருந்து இரண்டு வழி.
நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் வால்வுக்கு.
அதன் வாசலில் விரல்நக அளவில் ஒரு கெப்பாசிட்டர்,
தடித்த அலைகளிடம்
'அடுத்த வீடு பார்' என்று சொல்ல.
அடுத்த வீட்டில் இருநூறு வாட் டிரான்சிஸ்டர்,
எள் என்றால் எண்ணெயாக நிற்கிற முரடன்.
பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்
அலமாரிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குந்தியது.
மூன்று வாட் அன்றுதான்
முதுகை நிமிர்த்தியது.

எல்லாம் கணக்குப் போட்டேன்.
என் தரை
இன்னொருத்தியின் கூரை என்பதை
எந்த வரைபடத்திலும் குறிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பிப்ரவரியில், கதவு தட்டல்.
மூன்றாம் மாடி லுடோமிரா.
கன்டெய்னர் முனையத்தில் இரவுப் பணி, பகலில் தூங்குகிறவள்.
மன்னிப்பைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு திறந்தேன்.

'பான் ஓல்கெர்த்,
செவ்வாய்க்கிழமைகளில் ஒன்று போடுகிறீர்களே,
டும். டும்டும்.
நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு டும்.
அந்த ஒன்றுமில்லையில்
யார் இருக்கிறார்கள்?'

கான்கிரீட் கஞ்சன். கீழ்ப்பாதியை மட்டுமே கசியவிட்டிருக்கிறது.
என் இசைத்தட்டுகள் அத்தனைக்கும்
அவள் பெயர் வைத்திருந்தாள்:
நங்கூரம். மாமியார் வருகிறாள்.
சாவியைத் தொலைத்தவன்.
செவ்வாய்க்கிழமைதான் சாவியைத் தொலைத்தவன்.

என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.
நாலு நிமிஷம் இருவரும்
ஆரஞ்சு இழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஊசி இறங்கியது.
டும். டும்டும்.
ஒன்றுமில்லை இருந்த இடத்தில்
ஒரு பெண் மூச்செடுத்தாள், பாடினாள்.

லுடோமிரா கையைத் தொடையில் அழுத்திக்கொண்டாள்.
'இவ்வளவு மெலிந்தவளா?' என்றாள்.
'இவளுக்காகவா அவன் தேடினான்!'
கொஞ்சம் கழித்து:
'ஆனால் அவள் முன்னே போகிறாள்.
அவன் ஒரு படி கீழே நின்றுவிட்டான்.'

மைக் வைத்து அளந்தவன் நான்.
வாய் திறக்காமல் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு
ஃபேஸ் சுவிட்சைத் தள்ளினேன்.
பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது.
அவன் படியேறி வந்து
அவள் பக்கத்தில் நின்றான்.

பிறகு நான் கேட்டேன்,
கீழே போய்க் கேட்கட்டுமா என்று.
சாவியைக் கொடுத்தாள். எந்தத் தட்டையும் போடலாம் என்றேன்.

அவள் சமையலறை.
கழுவாத ஒரு கோப்பை, சுவரில் கப்பல் அட்டவணை.
டும்.
அலமாரியில் தட்டுகள் பல் கிட்டின.
நான் காதலித்த மூன்று வாட்டில்
ஒரு துளிகூட இங்கே இறங்கவில்லை.
டும்டும்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையில்
என் தலைக்கு மேலே, என் தரைமேல்,
காலணி கழற்றிய பாதங்கள்
ஜன்னல்வரை போய்
நின்று
திரும்பி வந்தன.

சப்வூஃபருக்கு அடியில் வைக்க
கனமான ரப்பர் நாலு வாங்கினேன்.
பையைப் பார்த்துவிட்டு
ஞாயிறுக்கு மட்டும் வையுங்கள் என்றாள்.
பை இன்னும் பிரிக்கவில்லை.
நேற்று ஞாயிறு.