ஈ பதினெட்டு

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு
அலசலின் நடுவே நின்றுவிட்டது.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அரைவயிறு தண்ணீர்.
அதில் ஆரோனின் கட்டம் போட்ட பள்ளிச் சட்டைகள்,
தேவசகாயத்தின் டெப்போ காக்கி,
என் ரவிக்கை ஒன்று,
ஒரே லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போல
முகம் பார்க்காமல் மிதக்கின்றன.
முகப்பில் ஈ பதினெட்டு என்று சிவப்பாய் எரிகிறது.
நிறுத்திப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.
பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன்.
ஈ பதினெட்டு.

கம்பெனிக்கு அடித்தால் புல்லாங்குழல் இசை,
அப்புறம் ஒரு பெண், வியாழக்கிழமை என்றாள்.
பெரம்பூர் ஜாபர் பாய்தான் எடுத்தார்.
"நான் வந்தா நானூத்தம்பது, பார்த்துக்க.
கீழ வலப்பக்கம் சின்ன மூடி இருக்கும், தொறந்து பாரும்மா.
பிளக்க எடுத்துடு. தட்டு வெச்சுக்கோ.
பத்துக்கு ஒம்பது சில்லறைதான்."

சில்லறை.
நான் தேவசகாயத்தைப் பார்த்தேன்.
ஆறு வருடமாய் இந்த வீட்டில் நடக்கும் வழக்கு.
கண்டக்டர் வீட்டு மிஷின் வேறெதனால் கெடும்?
பையைப் பார்த்துப் போடுங்கள் என்று
எத்தனை முறை, எத்தனை குரலில்.
அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச் எடுத்து வந்து
பக்கத்தில் குந்தினார்.

மூடியில் உப்பு பூத்திருந்தது.
கொடுங்கையூர் போர் தண்ணீர்
தொட்டதற்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டுத்தான் போகும்,
குழாய், கெட்டில், என் தலைமயிர்.
துணியைச் சுற்றி, பல்லைக் கடித்து
அரைச் சுற்று

அவ்வளவுதான்,
சாப்பாட்டுத் தட்டு, தாம்பாளம், இட்லிப் பானை
ஒவ்வொன்றாய் நிரம்பி
ஹாலைத் தாண்டி
பால்கனி ஓட்டை வழியே கீழே இறங்கியது.
இரண்டாம் மாடி ஷகிலா
நனைந்த தலையணை உறையோடு மேலே வந்தாள்.
திட்டத் திறந்த வாய்
என் கோலத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.
துப்பட்டாவைச் செருகித் துடைப்பத்தை எடுத்தாள்.
"எங்க வீட்டுலயும் இதேதான் அக்கா.
ஆனா எங்களுது ஈ இருவது."

மூடி கையோடு வந்தது.
சான்றுகளைத் தரையில் பரப்பினேன்.
கருத்துப்போன ஒரு ரூபாய், ஒன்றே ஒன்று.
கூழாகி உருண்ட காகிதம்,
பயணச்சீட்டாய் இருந்திருக்கலாம், மளிகைச் சீட்டாகவும்.
சட்டைப் பொத்தான் இரண்டு.
சாம்பல் நிறத்தில், பூனைக்குட்டி அளவு பஞ்சு.

"உள்ள விசிறி மாதிரி ஒண்ணு, சுத்துதா பாரு,"
ஸ்பீக்கரில் ஜாபர் பாய்.
விரலை விட்டேன். சுற்றவில்லை.
அதன் கழுத்தில் ஏதோ கம்பி,
வளைந்து, துருப்பிடித்து,
முடியும் நூலும் சுற்றிச் சுற்றி.
இழுக்கும்போதே தெரிந்துவிட்டது.
என் கொண்டை ஊசி.
குளிக்கப் போகையில் கழற்றி
நைட்டிப் பையில் போடுவேனே,
தினமும்.

டார்ச் வெளிச்சம் ஒரு கணம்
என் உள்ளங்கையில் இருந்தது.
பிறகு நகர்ந்து போய்
மிஷினுக்கு அடியில் எதையோ
மும்முரமாய்த் தேட ஆரம்பித்தது.
அங்கே தேட ஒன்றுமில்லை.

விரல்களை மடக்கிக்கொண்டேன்.
"சில்லறைதான்," என்றேன் ஷகிலாவிடம்,
அந்த ஒற்றை ரூபாயைத் தூக்கிக் காட்டி.
அவள் தேவசகாயத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.
அவர் சிரித்தார்.

மூடியைத் திருகி, பிளக்கைச் சொருகினேன்.
உறுமல், இருமல்,
பின் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
ஜாபர் பாய்க்கு ஐம்பது ரூபாய் அனுப்பினேன்.
டீக்கு என்று எழுதினேன்.

காக்கியைப் போடுவதும் எடுப்பதும் அவர் வேலை.
இன்று இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார்,
நானே கொடியில் உதறிப் போட்டேன்.
பைகளைத் தடவினேன், பழக்கத்தில்.
நான்கு பையும்
உட்புறம் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தன,
முயல் காதுபோல.
எத்தனை நாளாய் இப்படிப் போடுகிறாரோ.

கிளிப் மாட்டக் குனிந்தபோது
நைட்டிப் பையில் ஏதோ குத்தியது.